பின்சீற்றில் நாலாம் ஆள்

1

எங்கள் வீட்டில் மூன்று பேர்: நான், மனைவி மலர், மகன் குகன். இந்த நாட்டுக்கு வந்து பதினெட்டு வருடமாகிறது. போன மாதம் வரைக்கும் நாங்கள் மூன்று பேருமாக ஓரிடத்துக்கும் சேர்ந்து போனதில்லை. நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும். கோயிலென்றாலும் கடற்கரையென்றாலும் ஒன்றில் எங்களில் ஒருவர் வீட்டில் நிற்போம், இல்லாவிட்டால் நாலாவதாக யாரையாவது கூட்டிக்கொண்டு போவோம். அநேகமாக அந்த நாலாவது ஆள் பக்கத்து வீட்டு டொரத்தி. நாங்கள் தன்மீது வைத்திருக்கும் அன்பைப் பற்றி அந்த மனுசி தெரு முழுக்கச் சொல்லித் திரிகிறது. அவளுக்கு வசதிப்படாத நாட்களில் அவளுடைய நாயைக் கேட்டு வாங்குவோம். நாயை ஓர் ஆளாக எண்ணலாமா என்று மலருக்கும் எனக்கும் பெரிய வழக்கு நடந்து, எண்ணலாம் என்று தீர்ப்பாயிற்று.

மூன்று பேராகப் புறப்பட்டால் போன காரியம் சரிவராது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அதற்குப் பரிகாரமும் தெரியும். வழியில் ஒரு கல்லை எடுத்து, அதையும் ஓர் ஆளாக எண்ணிக்கொண்டு போவது; காரியம் முடிந்ததும் கல்லைக் கீழே வைத்துவிடுவது. பெண் பார்க்கப் போகிறவர்களின் பையைத் தடவினால் பாதிப் பேரிடம் ஒரு கல் இருக்கும். ஆனால் எங்கள் வீட்டில் கல் ஆகாது. “கல்லை எடுத்தியளெண்டால் நான் வரமாட்டன்” என்று மலர் சொன்னால் சொன்னதுதான். ஏன் என்று குகனுக்கு நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. உங்களுக்குச் சொல்லுகிறேன்.

2

குகனுக்குப் பதினேழு வயது முடிந்துவிட்டது. தமிழ் விளங்கும், பேசவும் பேசுவான். ஆனால் இங்கத்தைய மொழியில் எல்லாருக்கும் ஒரே சொல் என்பதால் என்னையும் ‘நீ’, தாயையும் ‘நீ’, கோயில் ஐயரையும் ‘நீ’ என்றுதான் கூப்பிடுவான். ஐயர் முதல் தடவை திடுக்கிட்டார், இப்போது பழகிவிட்டார். நான் மட்டும் என்ன திறம்? வந்த புதிதில் பதிவு அலுவலகத்தில் தகப்பன் பெயரை எங்கே எழுதுவதென்று தெரியாமல் முன்னால் எழுதினேன், அவர்கள் அதைப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து இந்த நாட்டில் வரி கட்டுகிறவர், பல்லுக் கட்டுகிறவர், வாகன உரிமம் வைத்திருக்கிறவர் எல்லாம் செத்துப்போன என் தகப்பனார்தான்.

போன மாதம் குகன் எனக்கு ஓர் அட்டையை நீட்டினான். இங்கே விடுமுறைக்குக் கடற்கரைப் பக்கம் போகிற ரேஸ் பைத்தியங்களுக்கென்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. தலைக்கவசம் தருவார்கள், பக்கத்தில் சொல்லிக்கொடுக்க ஒருவர் இருப்பார், உண்மையான பந்தயத் தடத்தில் உண்மையான ரேஸ் காரைச் சில சுற்று ஓட்டலாம். சனிக்கிழமைகளில் கடையில் நின்று உழைத்ததில் எனக்கென்று அவன் பதிவு செய்திருந்தான்.

“அப்பா, நீ ஊரிலை ரேஸ் கார் வச்சிருந்தனி எண்டு சொன்னாய்தானே. நீ ஓடு. பிறகு நான் ஓடுறன்.”

அட்டையில் இருந்த திகதியைப் பார்த்தேன். அது மலரின் தமையன் துரை காணாமற்போன நாள். வருடா வருடம் அந்த நாளில் மலர் ஒருவரோடும் கதைக்கமாட்டாள். “திதி செய்வமே?” என்று நான் கேட்பேன். “செத்தவைக்குத்தான் திதி” என்பாள். அதோடு அந்தக் கதை அடுத்த வருடம் வரைக்கும் முடிந்துவிடும்.

3

துரை திருகோணமலைத் துறைமுகத்தில் வெள்ளைக்காரக் கடற்படையின் வாகனங்களைத் திருத்துகிற வேலையில் இருந்தவன். படை போனது, வேலையும் போனது. நான் துறைமுகக் கந்தோரில் கணக்கு எழுதுகிற இலிகிதர். லிங்கநகரில் ஒரே வளவுக்குள் இருந்தோம். துரைக்குக் கலியாணம் இல்லை, கார்தான் எல்லாம்.

நிலாவெளி தாண்டி இறக்கக்கண்டிப் பக்கத்தில், யுத்தக் காலத்தில் விமானம் இறங்கவென்று போட்டுக் கைவிட்ட சீமெந்துத் தரை ஒன்று பற்றைக்குள்ளே கிடந்தது. ஒரு தலைப்பில் றோட்டு, மறு தலைப்பில் கடல். நடுவில், அண்ணன் முறையில் ஊரே காக்கா என்று கூப்பிடுகிற இஸ்மாயில் கருவாடு காயப்போடுவார். ஒருநாள் துரை என்னை அங்கே கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினான்.

“மச்சான், இதிலை ஒரு ரேஸ் கார் ஓடினால் எப்படியிருக்கும்?”

“ஆர் ஓடுறது?”

“ஆடி, ஆவணியிலை கொழும்பாரும் தேயிலைத் தோட்டத்துத் துரைமாரும் லீவுக்கு வந்து விடுதியிலை சும்மாதானே படுத்திருக்கினம். ஓட விட்டுப் பார்ப்பம்.”

கொழும்பில் ஒருவர் பந்தயத்துக்கென்று திருத்தி வைத்திருந்த இரண்டு கதவுப் பழைய காரை விற்கப்போவதாகத் துரை அறிந்து வைத்திருந்தான். எனக்கு அப்போதுதான் கலியாணமான புதிது. மலர் கொழும்பு பார்த்ததில்லை, அவளும் வெளிக்கிட்டாள். கொழும்புக்குப் போகமுன் முதலில் அவளுக்குத் தரையைக் காட்டினோம். கடல் தலைப்பில், யப்பான்காரன் குண்டு போட்டு ஆட்கள் செத்த குழி ஒன்று பாதி தூர்ந்துபோய்க் கிடந்தது. அதன் கரையில் நின்றுதான் மலர் எங்களை எண்ணிப் பார்த்தாள்.

“மூண்டு பேராப் போறம். அண்ணை, ஒரு கல்லை எடுங்கோ.”

துரை குழியின் விளிம்பில் கிடந்த, கைக்கு அடக்கமான ஒரு கருங்கல்லை எடுத்தான். பகிடிக்காரன் அல்லவா, அதைச் சும்மா எடுக்கவில்லை. குனிந்து, “வாருங்கோ, உங்களையும் கூட்டிக்கொண்டுதான் போறம்” என்று மரியாதையாக அழைத்துத் தோளில் தொங்கிய துணிப்பையில் வைத்தான். நாங்கள் சிரித்தோம்.

காரியம் கைகூடியது. சொன்ன விலையிலும் குறைத்துத்தான் தந்தார்கள். கல்லை அங்கேயே வைத்துவிட்டு வந்திருக்க வேண்டும். துரைக்கு மனம் வரவில்லை. ராசியான ஆளை நடுத்தெருவில் விடுகிறதா என்று கேட்டு, காரின் கதவைத் திறந்து, முன்சீற்றை மடக்கி, “ஏறுங்கோ” என்று கல்லைப் பின்சீற்றில் வைத்தான். அன்றிலிருந்து அதற்குப் பெயர் நாலாம் ஆள்.

4

ஆடி மாதத்தில் எங்கள் கடல் குளத்துத் தண்ணீராகக் கிடக்கும். விடுதிகள் நிரம்பும். காலையில் காக்கா கருவாட்டை ஒரு கரைக்கு ஒதுக்கித் தர, துரை காரைக் கொண்டுவந்து நிறுத்துவான். நான் கந்தோருக்கு லீவு போட்டுவிட்டு வெள்ளைத் துவாயோடு நிற்பேன்; துவாயை வீசினால் ஓட்டம் தொடங்கும். வந்தவர் ஓட்டுவார், துரை பக்கத்தில் இருப்பான். பெரிய உத்தியோகத்து மனிதர்கள் தோல் தொப்பியைப் போட்டுக்கொண்டு சின்னப்பிள்ளைகளாகிச் சத்தம் போடுவதைப் பார்க்க எனக்குச் சந்தோசமாக இருக்கும். போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். கந்தோரில் எனக்குக் கிடைக்காத மரியாதை அது.

பின்சீற்றைப் பற்றி முதலில் சொன்னவர், கோட்டில் வழக்குப் பேசுகிற கொழும்புக்கார இளம் அப்புக்காத்து ஒருவர். ஓடி முடித்து இறங்கி வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டே என்னிடம் குறைப்பட்டார்.

“அடுத்தமுறை பின்னாலே இருக்கிறவரை இறக்கிவிடுங்கள். ஆள் கனம். கார் இடப்பக்கம் இழுக்கிறது.”

துரைதான் கல்லின் கதையை அவரிடம் சொல்லிப் பகிடி விட்டிருக்கிறான் என்று நினைத்தேன். அவன் நான் சொன்னேன் என்று நினைத்திருக்கிறான். வீட்டுக்குப் போய் ஒருவரை ஒருவர் கேட்டபோதுதான் இரண்டு பேருமே சொல்லவில்லை என்பது தெரிந்தது. அதற்குப் பிறகு தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒருவர் வந்தார். அவர் இறங்கும்போது திரும்பிப் பார்த்து, பின்சீற்றுக்குத் தொப்பியைத் தூக்கி வணக்கம் வைத்துவிட்டுப் போனார். கல் சின்னக் கல். ஆனாலும் பின்பக்கத்து இடது ரயர் மட்டும் கெதியாகத் தேய்ந்தது. துரை அதற்குக் கூடுதலாகக் காற்றடித்தான்.

காக்காவுக்கு இது பிடிக்கவில்லை. ஒருநாள் கருவாட்டைப் புரட்டிக்கொண்டே சொன்னார்.

“ரெண்டு பேர் ஏறுறீங்க, மூணு பேர் போறீங்க. அந்தக் குழிக் கல்ல ஏன் எடுத்தீங்க, தொரை?”

“அவர் எங்கடை ஆள், காக்கா. இவர் வந்த பிறகு இந்தத் தரையிலை ஒருத்தருக்கும் ஒரு கீறல் விழேல்லை.”

“இருக்கட்டும். அவருக்கும் ஒரு ஊர் இருக்கும்தானே. வீட்டுக்குப் போக வேணாமா?”

துரை பகிடியாக ஏதாவது சொல்லுவான் என்று பார்த்தேன். அவன் காரின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

இந்தக் கேள்வியை அன்றைக்கு நான் பெரிதாக எடுக்கவில்லை. இங்கே வந்த பிறகு, பனிக்காலத்தில் பஸ்ஸுக்கு நிற்கிற நேரங்களில் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. ஒரு காரியத்துக்காகக் கூட்டிக்கொண்டு போகிறார்கள், காரியம் முடிந்த பிறகு இறக்கிவிட ஆளில்லை.

5

எனக்கு இங்கே வேலை சரிவந்தது. கொழும்பில் கப்பலேற வேண்டும். அந்தக் காரிலேயே துரை எங்களைக் கூட்டிக்கொண்டு போனான். மலர் புறப்படும்போது எண்ணினாள், மூன்று பேர்.

“நாலாம் ஆள் ஏற்கெனவே ஏறியிருக்கிறார், பிள்ளை. யோசிக்காதை” என்றான் துரை.

மலர் பின்சீற்றில் ஏறினாள். வழி நெடுக வலப்பக்கத்து யன்னலோடு ஒட்டிக்கொண்டே இருந்தாள். ஏன் நெருக்கிக்கொண்டு இருக்கிறீர் என்று கேட்டதற்கு, “இடம் காணாது” என்று மட்டும் சொன்னாள்.

துறைமுகத்து வாசலில் வைத்துத் துரை சொன்னான். “மச்சான், நீர் போறீர். ரேஸும் இண்டையோடை சரி. இனி இந்த மனுசனை எடுத்த இடத்திலை கொண்டுபோய் விடவேணும்.”

“சும்மா எறிஞ்சு போடாதேங்கோ, அண்ணை” என்றாள் மலர். “‘வந்திட்டம், இறங்குங்கோ’ எண்டு சொல்லித்தான் வைக்கவேணும்.”

“ஓம் பிள்ளை, ஓம்.”

அதுதான் நாங்கள் கேட்ட கடைசிச் சொல். கப்பல் இங்கே வந்து சேர்ந்தபோது எங்களுக்குத் தந்தி காத்திருந்தது. கார் கடல் தலைப்பில் நின்றது, துரையைக் காணவில்லை. கடலில் தேடினார்கள், பற்றைக்குள் தேடினார்கள். பொலிசார் எழுதிக்கொண்டு போனார்கள். சடலம் கிடைக்கவில்லை, அதனால் செத்த வீடும் நடக்கவில்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் நடக்கவில்லை.

குகன் நடக்கத் தொடங்கிய பிறகு நான் மட்டும் ஒருமுறை ஊருக்குப் போய்வந்தேன். காக்கா அதே தரையில் கருவாடு புரட்டிக்கொண்டு இருந்தார். என்னைப் பக்கத்தில் இருத்தித்தான் சொன்னார்.

“பின்னேரம் கார் வந்திச்சு. முன்னுக்குத் தொரை, பின்னுக்கு ஓராள். நான் கருவாட்ட ஒதுக்கிட்டு நிமிந்து பாத்தன். கார் கடல் பக்கத்துல நிக்கிது, கதவு திறந்து கிடக்கு. ரெண்டு பேரையும் காணல்ல. தண்ணியில ஒரு சத்தமும் கேக்கல்ல.”

“ஆர் காக்கா அந்தப் பின்னுக்கு இருந்தவர்?”

“ஒங்கட ஆள்தானே, தம்பி.”

குழிக்குப் போய்ப் பார்த்தேன். விளிம்பில் நிறையக் கல் கிடந்தது. எல்லாம் கருங்கல், எல்லாம் கைக்கு அடக்கமானவை. ஒன்றையும் தொட எனக்குத் துணிவு வரவில்லை.

திரும்பி வந்து மலரிடம் அப்படியே சொன்னேன். மறைத்திருக்கலாம், எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

“இறங்கினது ஆர்? கல்லோ, அண்ணையோ?” என்று கேட்டாள். பிறகு, “கல்லை எடுக்கச் சொன்னது நான்தானே. அந்த ஆளின்ரை இடத்திலை அண்ணை ஏறியிட்டார். இறக்கிவிட ஒருத்தரும் இல்லாமல் எங்கையோ இருக்கிறார்” என்றாள்.

அன்றிலிருந்துதான் எங்கள் வீட்டில் கல் ஆகாது. மூன்று பேராகப் போவதும் இல்லை, திதியும் இல்லை. வீட்டுக்காரிக்குப் பைத்தியம் என்று நினைக்கிறீர்களா? நானும் சில நாட்களில் அப்படி நினைத்து எரிச்சல்பட்டிருக்கிறேன். ஆனால் அவள் அழுது நான் பார்த்ததில்லை. அழுதால் செத்துவிட்டான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற பயம் அவளுக்கு.

6

குகனின் பரிசுக்கு மலர் வரமாட்டாள் என்றுதான் எண்ணினேன். மகன் உழைத்த காசு என்பதால் ஓம் என்றாள். டொரத்தியை வழக்கம்போலக் கேட்டு வைத்திருந்தோம். அன்று காலையில் அவளுக்குக் காய்ச்சல். நாயை அவளுடைய மகள் கொண்டுபோயிருந்தாள்.

“இது ஒரு நம்பர், அம்மா. மூண்டு ஒரு நம்பர்” என்றான் குகன். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மலர் காரின் பின்பக்கம் ஏறினாள். கொஞ்சத் தூரம் போன பிறகு கண்ணாடியில் பார்த்தேன். வலப்பக்கத்து யன்னலோடு ஒட்டிக்கொண்டு இருந்தாள்.

வாசலில் நின்ற மனிதர் குனிந்து உள்ளே பார்த்துவிட்டு நாலு கடதாசிப் பட்டிகளைத் தந்தார், கையில் கட்டுவதற்கு. மூன்று போதும் என்றேன். அவர் மறுபடியும் குனிந்து பார்த்தார். “நாலு, ஐயா” என்றார். ஆளொருவருக்கு ஒரு பட்டி, போகும்போது எண்ணி வாங்குவோம், விதி அப்படி என்றும் சொன்னார். இந்த நாட்டில் விதி என்று சொன்ன பிறகு யார் வாதாடுவது? குகனுக்குச் சிரிப்பு. மலர் நாலாவது பட்டியை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

உள்ளே போனதும் நின்று சுற்றிப் பார்த்தேன். பந்தயத் தடம் என்றால் புதிதாகப் போட்ட தார் றோட்டு என்று நினைத்திருந்தேன். இது யுத்தக் காலத்து விமானத் தரை. அதே சீமெந்துப் பாளங்கள், மூட்டுக்களில் அதே மாதிரிப் புல். தூரத்தில் கடல் தெரிந்தது.

தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு ஏறினேன். ரேஸுக்குத் திருத்திய இரண்டு கதவுக் கார், பின்சீற்றைக் கழற்றாமல் விட்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரர் நல்ல மனிதர். கியரை எங்கே மாற்றுவது, வளைவுக்கு முன் எங்கே பிறேக் பிடிப்பது என்று அமைதியாகச் சொல்லித் தந்தார். முதல் சுற்றில் பயம் போனது, இரண்டாவது சுற்றில் வேகம் பிடித்தேன். அந்தக் காலத்தில் துவாய் மட்டும் வீசியவன் நான், ஓட்டிப் பார்த்தது அன்றைக்குத்தான். அந்த மனிதர்கள் ஏன் அப்படிச் சத்தம் போட்டார்கள் என்று விளங்கியது. கடல் பக்கத்து நேர்த்தடத்தில் வரும்போது காருக்குள் கருவாட்டு மணம் வந்தது.

வெள்ளைக்காரர் திரும்பிப் பின்னுக்குப் பார்த்தார்.

“உங்கள் நண்பரைக் கொஞ்சம் நடுவுக்குத் தள்ளி இருக்கச் சொல்லுங்கள். கார் இடப்பக்கம் இழுக்கிறது.”

கண்ணாடியில் பார்த்தேன். ஒருவரும் இல்லை. சீற்றின் இடப்பக்கம் மட்டும் ஆள் இருக்கிற அளவுக்குப் பதிந்திருந்தது. ஒருவாறு வேகத்தைக் குறைத்துக்கொண்டு வந்து, மலரும் குகனும் நின்ற வேலியோரமாக நிறுத்தினேன். வெள்ளைக்காரர் தன் பக்கத்துக் கதவால் இறங்கினார். இறங்கியவர் தன் சீற்றை முன்னுக்கு மடக்கிவிட்டு, கதவைப் பிடித்தபடி காத்துக்கொண்டு நின்றார், பின்னால் இருப்பவர் இறங்குவதற்கு.

7

மலருக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் அந்த மனிதர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற விதத்தைத்தான் பார்த்தாள்.

வேலியின் சின்னக் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு வந்தாள். அவளை ஒருவரும் தடுக்கவில்லை. காருக்குக் கிட்டவாக வந்து, சேலைத் தலைப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு உள்ளே குனிந்தாள்.

“அண்ணை,” என்றாள். “வந்திட்டம். இறங்குங்கோ.”

காரின் பின்பக்கம் மெல்ல உயர்ந்தது. நான் பார்த்தேன், குகனும் பார்த்தான். கருவாட்டு மணம் எங்களைக் கடந்து கடல் பக்கமாகப் போனது. மலர் அந்தப் பக்கம் பார்த்தபடி நின்றாள். பிறகு அப்படியே சீமெந்தில் இருந்துவிட்டாள். பதினெட்டு வருடத்து அழுகையை அங்கே இருந்துதான் அழுதாள். அந்நிய மனிதர்களுக்கு முன்னால் வாய்விட்டு, ஊரில் செத்த வீட்டில் அழுவதுபோல அழுதாள். குகன் அதற்குமுன் அப்படியொரு அழுகையைக் கேட்டதில்லை. பயந்துபோனான். தாய்க்குப் பக்கத்தில் குந்தி, அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டே கேட்டான்.

“அம்மா, ஆர் போயிட்டார்?”

“உன்ரை மாமா.”

அவனுடைய முறை வந்தபோது, ஓட வேண்டாம் என்றான். மலர்தான் ஓடச் சொன்னாள். நான் வேலியோடு நின்று பார்த்தேன். வளைவுகளில் கார் ஒரு பக்கமும் இழுக்காமல் நேராக ஓடியது.

புறப்படுவதற்கு முன் மலர் தடத்தின் ஓரத்தில், புல் தொடங்கும் இடத்தில் நாலாவது பட்டியை விரித்து, பறக்காமல் இருக்க அதன்மேல் ஒரு சின்னக் கல்லை வைத்தாள். இத்தனை வருடத்துக்குப் பிறகு அவள் கையில் கல்லைப் பார்த்தேன்.

வாசலில் அந்த மனிதர் பட்டிகளை எண்ணினார். ஒன்று குறைகிறது என்றார். மலர் யன்னலை இறக்கி, தனக்குத் தெரிந்த இங்கிலிசில், அவர் இறங்கிவிட்டார் என்றாள். அவர் குனிந்து காருக்குள் பார்த்தார். சரி என்று தலையாட்டிவிட்டு வழியை மறித்திருந்த தடியை உயர்த்தினார்.

வழியில் மலர் என்னிடம், “நாளைக்கு ஐயரிட்டைத் திதிக்கு நாள் கேளுங்கோ” என்றாள். “நானும் வாறன். ஐயரோடை நான் கதைக்கிறன்” என்றான் குகன். ஐயரை ‘நீங்கள்’ என்று கூப்பிட வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுத்தேன்.

கண்ணாடியில் பார்த்தேன். மலர் பின்சீற்றின் நடுவில், இரண்டு பக்கமும் கையை ஊன்றி, தாராளமாக இருந்தாள். அன்றைக்கு நாங்கள் மூன்று பேராக வீட்டுக்குத் திரும்பி வந்தோம்.